இன்னும் ரெண்டு குலுக்கல்

இல்லண்ணே, லாட்டரி கிடையாது. லாட்டரின்னா விழுகலேன்னா சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான், காசு போச்சு. இதுல போட்ட மொதல் போட்ட எடத்துல அப்படியே கெடக்கும். எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம். இங்கிலாந்து கவர்மெண்டே நடத்துறது, பிரீமியம் பாண்டுன்னு பேரு. என்ன, வட்டி கிடையாது. எல்லாரோட வட்டியையும் ஒண்ணாப் போட்டு, மாசாமாசம் நம்பரக் குலுக்கி, விழுந்தவனுக்குப் பிரைஸா குடுத்துருவான். ஒரு பவுண்டுக்கு ஒரு நம்பரு.

அட, உக்காருங்கண்ணே. வக்கீலய்யா கோர்ட்டுல இருந்து வர இன்னும் அரை மணியாகும்னு குமாஸ்தா சொல்லிட்டாரு. நீங்க பேரையூர்ல பேங்க் கேசியரா இருந்து ரிட்டையர் ஆனவருன்னு சொன்னீங்கல்ல, அதான் கேக்குறேன். வச்சிருக்கலாமா, எடுத்துரலாமா?

எம் பேர்ல இல்ல. எம்மக ஆன்சி பேர்ல. நர்ஸு, லீட்ஸுன்னு ஒரு ஊரு. ரெண்டாயிரம் பவுண்டு போட்டிருக்கா. நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல வரும்.

ஆங், அதேதான். அச்சுப் பிசகாம அதையேதான் எம் மச்சினன் கிளமெண்டும் சொல்றான். எடுத்து டெபாசிட்டுல போட்டா வருசத்துக்குப் பதினஞ்சாயிரம் வட்டி நிக்குமாம். எனக்குக் கணக்குத் தெரியாதாண்ணே? மிஷன் பள்ளிக்கூட ஆபீஸ்ல முப்பத்தி நாலு வருசம் கிளார்க்கு. இதுல வருசத்துக்கு ஒருவாட்டி இருவத்தஞ்சு பவுண்டு விழுந்தாப் பெருசு. மூவாயிரம் ரூவா. நட்டந்தான், ஒத்துக்கிறேன். ஆனா அத கிளமெண்டு சொல்லக் கூடாது. குமுளிக்கு மிளகு வாங்கப் போறேன்னு போயி, கேரளா லாட்டரிச் சீட்டா வாங்கி பைபிளுக்குள்ள ஒளிச்சு வச்ச பய. அவன் எனக்கு சேமிப்பு பத்திப் பாடம் எடுக்குறான்!

சிரிக்காதீங்க, இன்னொரு கூத்து கேளுங்க. ஆன்சி போன்ல, அம்மா, ரெண்டாயிரம் பவுனு சேந்துருச்சும்மான்னுருக்கா. பவுண்டுன்னு வாயில அழுத்திச் சொல்லணும்ல? எம் பொஞ்சாதி பிலோமினா நேராப் போயி செபக்கூட்டத்துல, எம்மக ரெண்டாயிரம் பவுன் சேத்துட்டான்னு சாட்சி சொல்லிட்டு வந்துட்டா. மறுவாரம் அவனியாபுரத்துல இருந்து ரெண்டு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து நிக்கிறாங்க! ஒருத்தரு வாசல்லயே கேக்குறாரு, அம்புட்டு நகையையும் லாக்கர்லயா வச்சிருக்கீங்கன்னு. ஆன்சிகிட்டச் சொன்னா, அவ சிரிச்ச சிரிப்புல போனே கீழ விழுந்துருச்சு.

கல்யாணமா? ஆகலண்ணே. பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்.

நானும் அவளத் திட்டியிருக்கேன். ஏண்டி, வட்டி இல்லாத எடத்துல எதுக்குடி போட்ட, கூட வேல பாக்குறவங்க போட்டா நீயும் போடுவியான்னு. மொதல் போகாதுப்பா, மாசத்துக்கு ஒருநா ஆசையா இருக்கும்ல, அது போதும்னா. அது நெசந்தான். மத்த நாள்ல நாங்கதான் கூப்பிடணும், ட்யூட்டியில இருக்கேன், தூங்குறேன்னு வச்சுருவா. குலுக்கல் மறுநா மட்டும் அவளாக் கூப்புடுவா. விழுந்துச்சாடிம்பேன். விழுகலப்பாம்பா. பெறகு அரை மணி நேரம் பேசிக்கிட்டே இருப்பா. மில்லியன் பவுண்டு விழுந்தா உங்களுக்கு என்ன வேணும்பா. எனக்கொரு நல்ல மூக்குக் கண்ணாடி வாங்கிக் குடுறீம்பேன். நாலு வருசத்துல ஒருவாட்டி கூட விழுகலண்ணே. நான் உள்ளூர, விழுகாட்டியும் போகுது, இந்தப் போனு வருதுல்லன்னு நெனச்சுக்குவேன்.

இப்பல்லாம் நானே பாத்துக்கிறேன். பாண்டுல அவ பேருக்குன்னு நம்பர் ஒண்ணு இருக்கு, அதத் தட்டினா செல்லுலயே காட்டிரும். மனப்பாடம். எம் பென்சன் நம்பர்கூட எனக்கு ஞாபகம் இல்ல.

விழுந்துச்சுண்ணே. ஏன் விழுகல. சனவரியில விழுந்துச்சு. இருவத்தஞ்சு பவுண்டு. காலையில காப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி தட்டுறேன், வாழ்த்துகள்னு இங்கிலீஷ்ல வந்து நிக்குது. பிலோமினான்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, எதுத்த வீட்டுக்காரன் ஓடி வந்துட்டான். சட்டைய மாட்டிக்கிட்டு நேரா கோயிலுக்குப் போயிட்டேன். அங்க பூசைக் கருத்து எழுதுற நோட்டு இருக்கும், ஞாயித்துக்கிழமை சாமியார் வாசிப்பாரு. ஒரு பக்கம் நன்றிக்கு, ஒரு பக்கம் செத்தவங்க ஆத்மாவுக்கு. நோட்டப் பாத்துக்கிற உபதேசியார் வெளிய போயிருந்தாரு. நானே எழுதி, காணிக்கையையும் வச்சுட்டு வந்தேன்.

ஞாயித்துக்கிழமை சாமியாரு வாசிக்கிறாரு. புதுச் சாமியாரு, ஆளுக தெரியாது. மரியராஜ் பிலோமினாள் மகள் ஆன்சி பெற்ற நன்மைக்காக ஆண்டவருக்கு நன்றின்னு. கோயிலே திரும்பி எங்களப் பாக்குது. பிலோமினா முக்காட்ட இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா. அப்பதான் எனக்கு உறைக்குது. முப்பத்தி நாலு வருசத்துல ஒரு பிள்ளைக்குப் பிறந்த தேதி மாத்தி எழுதாத கைண்ணே இது. ஆத்மா பக்கத்துல எழுத வேண்டிய பேர நன்றிப் பக்கத்துல எழுதிட்டு வந்திருக்கேன்.

ஆமாண்ணே. போன ஆகஸ்டு இருவத்தி ரெண்டு. ட்யூட்டி முடிச்சு வந்து படுத்தவ எந்திரிக்கல. மூளையில ரத்தக் குழா வெடிச்சிருச்சாம். முப்பத்தோரு வயசு. பெட்டி மதுரைக்கு வந்து சேரப் பதினேழு நாளாச்சு.

பரவால்லண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியும். நான்தான முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வராது, அதான் வட்டி, டெபாசிட்டுன்னு என்னத்தையோ பேசிக்கிட்டு இருக்கேன்.

இந்தா, இதான் அந்த பாண்டுக் காச எடுக்குற பாரம். கையெழுத்துப் போட்டு, நோட்டரி சீலு வச்சு அனுப்புனா காசக் குடுத்துருவான். அத வச்சு வருச நினைவுக்குள்ள கிரானைட்டுல கல்லறை கட்டிரணும்னு கிளமெண்டு நிக்கிறான், பிலோமினாளும் அதத்தான் சொல்றா. அவன்தான் என்னைய இங்க கொண்டாந்து எறக்கி விட்டுட்டுப் போனான். கட்டத்தான் வேணும். எம்பிள்ள மண்ணுக்குள்ள வெறுமனே கெடக்கான்னா எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?

ஆனா அந்த பாண்டு ஆபீஸ்ல இருந்து முதல்ல வந்த லெட்டர்ல ஒண்ணு எழுதியிருந்தான். ஆள் தவறிட்டா உடனேயும் எடுத்துக்கலாம், இல்ல, தவறுன நாள்ல இருந்து ஒரு வருசத்துக்குக் குலுக்கல்லயே விட்டும் வைக்கலாம். அதுக்கு மேல கிடையாது. இங்க ரேசன் கார்டுல பேர எடுத்துட்டாங்க. வோட்டர் லிஸ்ட்டுல எடுத்தாச்சு. பேங்க்ல எடுத்தாச்சு. தப்புச் சொல்லல, அது முறை. அம்புட்டுக்கும் நான்தான் போயி வரிசையில நின்னு எழுதிக் குடுத்தேன். அந்த ஊர்க்காரன் ஒருத்தன்தாண்ணே, உசுரோட இருக்குற அம்புட்டுப் பேரு நம்பரோட எம்பிள்ள நம்பரையும் சேத்துப் போட்டு இன்னும் குலுக்கிக்கிட்டு இருக்கான்.

ஜூலையில ஒண்ணு. ஆகஸ்டுல ஒண்ணு.

கூப்புடுறாங்க. ஆமா, மரியராஜுன்னு எம் பேரத்தான். நீங்க போங்கண்ணே, பேரையூர் பஸ்ஸப் பிடிக்கணும்ல. போங்க, எம் முறைய நீங்க எடுத்துக்கங்க. நான் ஆகஸ்டு முடிஞ்சு வாரேன்.