மண்ணெண்ணெய் மணக்கும் ஒயின்

ஒயினைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும், ஐயா. மிச்ச இடம் வாசனைக்கு. இந்தச் சின்ன விஷயத்தைச் செவிலிமேட்டில் எங்கள் மனமகிழ் மன்றத்துக்கு வருகிறவர்களுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. முதல் கூட்டத்தில் ஒரு பெரியவர், "என்னாபா, குழந்தைக்கு மருந்து ஊத்துற மாதிரி ஊத்துற" என்று கேட்டுவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

ஒயின் ஷாப் என்றால் நம் ஊர்க்காரர் மனதில் வரும் படம் உங்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் தம்ளர், சுண்டல், சண்டை. நாங்கள் அப்படி இல்லை. மன்றத்தின் மாடியில் ஏசி அறை, உரிமம் வாங்கிய ஒயின் அலமாரி, மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சுவைப்பு, அதன் பிறகு விருந்து. ஊர் அதை 'வேணு கடை' என்றது. வேணுகோபால் நான்தான். பன்னிரண்டு வருடம் கப்பலில் மேசை துடைத்தேன். ஊரில் அதை ஒயின் நிபுணன் என்று எடுத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்களே, அந்த இலுப்பைப் பூவுக்குத் தான் சர்க்கரைதான் என்ற நம்பிக்கை வந்துவிட்டது.

என் அறையில் ஊதுபத்தி கூடாது, சென்ட் கூடாது. மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்த பெண்களை அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னேன். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணமான பெண்ணிடம் அப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள். அவர்களும் எடுத்தார்கள். என் மூக்குக்கு அவ்வளவு மரியாதை.

அந்த மூக்கு செத்து நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. கொரோனா இரண்டாம் அலையில் போனது. மற்றவர்களுக்குப் போய் மூன்று வாரத்தில் வந்துவிட்டது, எனக்குப் போனது போனதுதான். பெருங்காயமும் ஒன்று, பன்னீரும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகுதான் என் புகழ் ஏறியது. மூக்கு இருந்தபோது, 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்லத் தெரியாது. போன பிறகு, மழை நனைத்த செம்மண், வெயிலில் காய்ந்த நாவற்பழம், பழைய தோல்பை என்று அளந்து விட்டேன். பாட்டிலின் பின்பக்கச் சீட்டைப் படித்துக்கொள்வேன். மிச்சத்துக்கு, மோந்து பார்ப்பவர்களின் முகத்தைப் படிப்பேன். பொய்யன் என்று சொல்லாதீர்கள். நான் உழைத்தேன்.

கலியாணசுந்தரம் முதலியாருக்கு மட்டும் சந்தேகம். பட்டுக்கடைக்காரர், தறியில் உட்கார்ந்து வளர்ந்தவர், எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். ஒரு மாதக் கூட்டத்தில் என் கிண்ணத்தில் இரண்டு சொட்டுப் பன்னீர் விட்டிருக்கிறார், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் மோந்துவிட்டு, 'சுருட்டுப் புகையிலை' என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்திருக்காது.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஜெர்மன் வெள்ளை ஒயின், ரீஸ்லிங். வயதான ரீஸ்லிங்கில் லேசாக மண்ணெண்ணெய் வாசம் வரும். இது நான் அளந்தது இல்லை, உண்மை. அறையில் பத்துப் பேர். மூலையில் தடுப்புக்குப் பின்னால் சுடச்சுடத் தோசை ஊற்ற அடுப்பும் சிலிண்டரும் வைத்திருந்தோம், விருந்து நேரத்துக்குத்தான் பற்றவைப்போம். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது.

அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் ரேணுகாம்பாள். தாமலிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், மன்றம் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் சமையல். அவர் என் பக்கத்தில் வந்து, "சார், கேஸ் வாடை அடிச்சிக்கினே இருக்குது சார். டியூப்பு எங்கியோ விட்டிருக்கும்" என்றார்.

சபையில் ஒரு சமையல்காரம்மா என் மூக்குக்கு முன்னால் மூக்கை நீட்டியது எனக்குச் சுருக்கென்றது. அது ஒயின் வாசனைம்மா, போய்த் தோசைக்கல்லைப் பாருங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ரீஸ்லிங்கின் மண்ணெண்ணெய் மகிமையை விளக்கினேன். ஒவ்வொருவராக மோந்தார்கள். "ஆமாம்பா, அப்பட்டமா கிரசின்" என்றார் ஒருவர். சிங்கப்பூரில் இதே வாசத்தை அனுபவித்ததாக இன்னொருவர் சொன்னார். தெரியாது என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவனே நான்தான்.

இனி நான் சொல்வதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். தடுப்பு ஓரமாக ரேணுகாம்பாளைப் பார்த்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். நாலு வருடம் முகம் படித்துப் பிழைத்தவன் நான். ஒயினுக்காக யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அதே நொடியில்தான் முதலியார் சட்டைப்பையிலிருந்து இரண்டு இழைகளும் ஒரு லைட்டரும் எடுத்து மேசைமேல் வைத்தார். நம் ஊர்ச் சோதனை. அசல் பட்டு இழையை எரித்தால் முடி பொசுங்கும் வாடை வரும், கலப்பு இழை என்றால் வேறு வாடை. நம் ஊரில் சேலை வாங்க வருகிறவர்களுக்கும் தெரியும்.

"வேணு, நீ கண்ண மூடிக்கோ. ரெண்டையும் கொளுத்துறேன். எது பட்டுன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்பா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நெருப்பு வைக்காதீர்கள், கேஸ் என்று நான் சொல்லலாம். சொன்னால், இவ்வளவு நேரம் அந்த வாடையைக் குடித்துக் கிறங்கிய பத்துப் பேர் முன்னால் நான் என்ன ஆவேன்? சொல்லாமல் சோதனைக்கு உட்கார்ந்தாலும் மூக்குடைபடுவேன். மன்றத்தின் மானம் என் ஒருவன் கையில் இருந்தது.

"வாய் கொப்புளிச்சிட்டு வந்துடறேங்க" என்றேன். "இழைய நான் பாக்கக் கூடாது, வாடை மட்டும் இருக்கணும். நான் வரதுக்குள்ள கொளுத்திடுங்க."

நியாயமான சோதனை என்று அவரே தலையாட்டினார். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஏசி அறைக் கதவைத் திறந்து போடக் கூடாது என்பது நான் போட்ட விதி. படி இறங்கினேன், அவசரப்படவில்லை. கடைசிப் படிக்கு வருவதற்குள் கேட்டது.

முதலியாரும் ரேணுகாம்பாளும் அன்றைக்கே போய்விட்டார்கள். நாலு பேர் இன்னும் தீக்காயப் பிரிவில் இருக்கிறார்கள். அந்தம்மா அடுப்பைச் சரியாக மூடவில்லை என்று முதலில் உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ரேணுகாம்பாளின் மகள் துர்கா என்னைத் தேடி வந்தாள். நர்சிங் படிக்கிற பெண். அழவில்லை. "எதிர் வீட்ல பால் அடிப்புடிச்சாலே அம்மா சொல்லிடும் சார். அதுக்கா கேஸ் வாடை தெரியாம போச்சு? அம்மாவாலதான் எல்லாரும் வெந்தாங்கன்னு ஊரே சொல்லுது. அம்மா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

இல்லையம்மா என்றேன். வயதாகிவிட்டால் மூக்கு மந்தமாகிவிடும், பாவம், என்றும் சொன்னேன். எனக்கே அது ஆறுதலாகச் சொன்னதுபோல் இருந்தது.

ரேணுகாம்பாளின் போன் பழுது பார்க்கப்பட்டு வந்து, துர்காவுக்குக் கடைசியாகப் பேசி அனுப்ப முயன்று போகாமல் நின்ற பதிவை நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். 'கேஸ் வாடை வருதுமா, சார் ஒயின் வாடைன்றாரு, நானே போய் மூடிட்டு வரேன்.' அவ்வளவுதான். கோபமே இல்லாத குரல்.

என் வக்கீல் நல்லவர். இவருக்கு மோப்பமே கிடையாது, டாக்டர் சான்று வாங்கிவிடலாம், தெரியாமல் நடந்த விபத்து என்று இரண்டு வருடத்தில் வெளியே வந்துவிடலாம் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துர்காவின் அம்மா பேரில் பழி நிற்கக் கூடாது. கேஸ் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே முதலியாரிடம் இழையைக் கொளுத்தச் சொன்னேன். தெரிந்தே கதவைச் சாத்தினேன். இதற்கு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மூக்கைப் பற்றிச் சொன்ன பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள், ஐயா. மன்றத்துக்காரர்கள் பேப்பர் படிப்பார்கள். கொலை செய்தவன் என்று போட்டால் போட்டுக்கொள்ளட்டும், வாசனை தெரியாதவன் என்று போட்டால் நான் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?