ஏறிப்போன நம்பர்

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருந்ததைப் பார்த்து, என் தைராய்டு சுறுசுறுப்பாகிவிட்டதென்று வீட்டில் பெருமையடித்தவன் நான். நேற்று சின்னாளபட்டி பஸ்ஸில் என் சீட்டருகே ஒரு கர்ப்பிணிப் பெண், கையில் அதே மாதிரி ரிப்போர்ட்டுடன், நாத்தனாரிடம் கேட்டாள்.

“மதினி, நம்பர் ஏறிருச்சு. தைராய்டு மாத்திரைய நிறுத்திரவா? வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு அத்தை சொல்றாக.”

“நம்பர் ஏறுனா ஹார்மோன் பத்தலைன்னு அர்த்தம்டி. புள்ளைக்கும் சேத்து இப்பக் கூடுதலா வேணும்.”

“அப்ப ரெண்டா முழுங்கவா?”

“நீயா கூட்டவும் வேணாம், நிறுத்தவும் வேணாம். டாக்டரம்மா சொல்லட்டும்.”

“அத்தை ஏசுவாகளே.”

“எங்கம்மாவ நான் பாத்துக்கிறேன். எறங்கு, ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போவோம்.”

அடுத்த ஸ்டாப்பில் இருவரும் இறங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் ரசித்துச் சொன்னேன்.

“மாசமா இருக்க புள்ளைய நிக்க வச்சுட்டு, அம்புட்டையும் உக்காந்துக்கிட்டா கேட்டீக?” என்றாள்.