மூக்கு மேடத்துக்கு ஒரு எஸ்பிரெஸோ

காலையில் மெஷினிலிருந்து வரும் முதல் காபியைக் குடிக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். மெஷின் அப்போதுதான் சூடாகியிருக்கும். கிரைண்டரின் பல்லிடுக்கில் நேற்றைய தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். இது தெரியாமல்தான் பலர் ஆசை ஆசையாக எஸ்பிரெஸோ மெஷினை வாங்கி வைத்துவிட்டு, கடையில் குடிக்கிற மாதிரி வரவில்லையே என்று அங்கலாய்க்கிறார்கள். இப்போது நீங்கள் எனக்குக் கொடுத்ததும் அப்படிப்பட்ட முதல் காபிதான். ஆனாலும் நன்றாக இருந்தது என்று சொன்னேன் அல்லவா? ஒருவர் கை நீட்டிக் கொடுத்தால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதுதான் மரியாதை. என் அம்மா என்னை அப்படித்தான் வளர்த்தாள்.

என் வேலையும் அப்படி. நான் பெயின்ட் கம்பெனியில் நிறம் சேர்ப்பவன். ஒருவர் பழைய கதவின் துண்டை எடுத்துவந்து, இதே பச்சை வேண்டும் என்பார். நான் கலந்து, அட்டையில் பூசி, உலர வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டுவேன். மஞ்சள் கொஞ்சம் தூக்கல் என்பார். மறுபடி கலப்பேன். எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் எனக்குக் கோபம் வராது, ஏனென்றால் கடைசியில் 'சரி' என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்ட பிறகுதான் டப்பாவுக்கு மூடி போடுவேன்.

என் மனைவி காபிக்கொட்டை வறுக்கும் நிறுவனத்தில் சுவை பார்ப்பவள். அங்கே எல்லோரும் அவளை 'மூக்கு மேடம்' என்பார்கள். நாக்குக்குத் தெரிவது புளிப்பு, கசப்பு, இனிப்பு என்று நாலைந்துதான், மீதியெல்லாம் மூக்கு சொல்லிக்கொடுப்பது என்பாள். மூட்டையைப் பிரித்த உடனே, இது கப்பலில் ஈரம் பட்ட சரக்கு என்று சொல்லிவிடுவாள். அவள் தலையசைக்காததால் ஒரு லாரி முழுக்கத் திரும்பிப் போயிருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான். பெருமை இல்லாமலா அவளுக்காக அந்த மெஷினை வாங்கினேன்?

அவளுக்கு மிகவும் பிடித்த ஒரு கலவை உண்டு. மூன்று வகைக் கொட்டை சேர்ந்தது, அவளே சேர்த்தது. அதை வீட்டில் சரியாக இறக்கிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சும்மா ஒரு காபி. தூளை மிகவும் நைசாக அரைத்தால் தண்ணீர் இறங்காமல் முக்கி முக்கிச் சொட்டும், கசந்து வழியும். பருமனாக அரைத்தால் குழாயைத் திறந்த மாதிரி ஓடிவிடும், புளிக்கும். நடுவில் மயிரிழை அகலத்தில் ஓர் இடம் இருக்கிறது. மழை பெய்தால் அந்த இடம் நகரும். புதுப் பொட்டலம் பிரித்தாலும் நகரும். கிரைண்டரின் வளையத்தை ஒரு கோடு இந்தப் பக்கம், ஒரு கோடு அந்தப் பக்கம் திருப்பித் திருப்பி அதைத் தேட வேண்டும்.

நான் தேடினேன். முதல் காபியைக் கொட்டுவேன், இரண்டாவதை நான் ருசி பார்ப்பேன், மூன்றாவதை அவளிடம் கொடுப்பேன்.

"எப்படி இருக்கு?"

"முன்னாடி கொஞ்சம் புளிப்பு. நடுவுல காலியா இருக்கு. முடியும்போது ஈரச் சாம்பல் மாதிரி ஒண்ணு வருது."

"நல்லா இருக்கா, இல்லையா?"

"அதான் சொன்னேனேங்க."

சொல்லிவிட்டுக் கோப்பையைக் காலி செய்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். மறுநாள் சாம்பல் போயிருக்கும், ஈரக் காகிதம் வந்திருக்கும். பல மழைக்காலங்கள் இப்படிப் போயின. கல்லும் கரையும் என்பார்கள், அவள் கரையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். மச்சானும், அதாவது அவள் தம்பியும், வந்திருந்தான். பேக்கரி வைத்திருக்கிறான். அவனுக்கு வெந்நீரைக் கொடுத்தாலும் "பிரமாதம் மாமா!" என்பான். அன்றும் சொன்னான். எல்லோரும் சொன்னார்கள். அவள் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்குக் கருகின ரப்பர் வாசனை வருது" என்றாள்.

"மாமா, டயர் டிகிரி காபி!" என்றான் மச்சான். கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லோரும் போன பிறகு மெஷினைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ரப்பர் வளையம் ஓர் ஓரத்தில் உண்மையாகவே கருகியிருந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று எனக்கு அவள் மேல் வெறுப்பு வந்தது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அவளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். மூக்கு அடைத்தால் பிழைப்பு கெட்டுவிடும் என்று தினமும் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரால் மூக்கைக் கழுவுவாள். அந்த உப்பு குளியலறை அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடியில் இருக்கும். எங்கள் கம்பெனியில் உப்பைப் போலவே வெள்ளையாக இருக்கும் பொருள்கள் பல. நான் எடுத்துவந்தது எது என்று உங்கள் ஆய்வுக்கூடம் சொல்லியிருக்கும்.

நான் அவசரப்படவில்லை. நிறம் சேர்ப்பவன் எதையும் மொத்தமாகக் கொட்டமாட்டான். ஒரு சிட்டிகை போட்டுவிட்டுக் காத்திருந்தேன். "எரியுதுங்க" என்று ஒரு நாள் சொன்னாள், குறைத்தேன். எரிச்சல் நின்றது, கொஞ்சம் கூட்டினேன். அவளுக்கு வலிக்காமல், ஆனால் வேலை நடக்கிற மாதிரி ஓர் அளவு இருக்கத்தானே வேண்டும்? அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பழக்கம் இருந்தது.

முதலில் காபிப் பொட்டலத்துக்குள் முகத்தை விட்டு, "இது பழசா?" என்று கேட்டாள். அப்புறம் ஒரு நாள் ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தோலை மோந்து பார்த்தாள். சோப்பை மோந்தாள். கடைசியில் என்னிடம் வந்து என் தோளில் மூக்கை வைத்தாள்.

"உங்க சட்டையில பெயின்ட் வாசனையே வரலைங்க."

"துவைச்ச சட்டை" என்றேன்.

அது துவைத்த சட்டை இல்லை. அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். மருத்துவரிடமும் நான்தான் அழைத்துப் போனேன். ஏதோ கிருமியாக இருக்கும், வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். அதற்குள் அவளே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். மூக்கு இல்லாத மூக்கு மேடம் எதற்கு என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

அவள் மேசையில் இருந்த சாமான்களைக் கொடுக்க அந்த நிறுவனத்தின் வறுப்பாளர் வீட்டுக்கு வந்தார். அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் என் பழைய குறையை அவரிடம் சொன்னேன்.

"சார், எங்க வேலையில 'நல்லா இருக்கு'ன்னு சொல்லவே கூடாது. என்ன இருக்கோ அதை மட்டும்தான் சொல்லணும். பழகிப் பழகி வீட்லயும் அப்படியே வந்துடும். என் பொண்டாட்டியும் இதையேதான் குத்திக் காட்டுவா" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். "வாயில வச்சதை நாங்க துப்பிடுவோம் சார். நாள் முழுக்க முழுங்கினா உடம்பு தாங்குமா? மேடம் காபின்னு எதைக் கொடுத்தாலும் துப்பிடுவாங்க, விருந்துல கூட. 'கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறது எங்க வீட்டுக்காரர் போடுறதை மட்டும்தான்'னு பெருமையா சொல்வாங்க."

அவர் போன பிறகு குளியலறைக்குப் போய் அந்த ஜாடியைக் கையில் எடுத்தேன். கழுவும் தொட்டியில் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். ஆனால் அன்று காலையில்தான் அவள் முதல் தடவையாக, கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இருக்குங்க" என்றிருந்தாள். இவ்வளவு நாள் கழித்துக் கலவை சரியாக வந்திருக்கும்போது அதில் யாராவது கை வைப்பார்களா? ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அதன் பிறகு தினமும் சொன்னாள். என் கல்யாண வாழ்க்கையில் மிகவும் நிம்மதியாக இருந்த நாட்கள் அவை.

மச்சான் வந்திருக்காவிட்டால் இன்னும் நன்றாகவே இருந்திருப்போம். அக்காவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கொஞ்ச நாள் வந்து தங்கினான். வந்த இடத்தில் ஜலதோஷம். அவள் தன் ஜாடியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவன் தங்கப் போகிறான் என்று தெரிந்திருந்தால் நான் வேறு உப்பு வைத்திருப்பேன். அவன் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஊருக்குப் போன பிறகு அவன் பேக்கரியில் அடுப்புக்குள் ரொட்டி கருகிப் புகை வருகிற வரை அவனுக்கே தெரியவில்லையாம். அக்காவும் தம்பியும் ஒரே மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ரெண்டு பேரும் ஒரே வீட்டில் எதைப் பயன்படுத்தினீர்கள்?

அவள் ஜாடியை உங்கள் ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்தாள். சத்தம் போடவில்லை.

"நீங்களா?"

"ஆமாம்."

"எதுக்குங்க?"

"காபி எப்படி இருக்குன்னு நீ ஒரு நாளும் சொல்லலையே. இப்பத்தான் சொல்றே."

"எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலையே. வெந்நீருக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் குடிச்சேன். நீங்க பாடுபட்டுப் போடுறீங்க, மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன்" என்றாள்.

கோபத்தில் சொன்னது. கோபத்தில் மனிதர்கள் என்னவெல்லாமோ சொல்வார்கள், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தம்பி மாதிரி இல்லை அவள். முகத்துக்காகப் பொய் சொல்லத் தெரியாது. ஊரே சாட்சி.

ஆக, நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் சரி. ஜாடியில் கலந்தது நான், தெரிந்தே கலந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஓர் உதவி மட்டும் கேட்கிறேன். உங்கள் ஆட்கள் வீட்டைச் சோதனை போடும்போது அந்த கிரைண்டரின் வளையத்தை யாரும் திருப்பிவிட வேண்டாம். அவளுக்கு அந்த அரவைதான் பிடிக்கும்.