வவ்வாலுக்குக் குழாய்

திருத்தங்கல் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் காகிதக் குழாய் மூட்டை இருந்தது.

“வவ்வால் பறக்கத்தான் இம்புட்டும்” என்றாள்.

“வவ்வாலுக்கு எதுக்குடி வெடிக்குழாய்?” என்றாள் மூத்தவள்.

“காலேஜுல காத்துப் பெட்டி செய்றாகக்கா. வவ்வால் எப்படிப் பறக்குதுன்னு அதுக்குள்ள விட்டுப் பாப்பாகளாம். ஃபேன் காத்து சுழலாம நேரா வரணும்னு குழாய அடுக்குறாக.”

“பொறவென்ன, கொண்டு போய்க் குடு.”

“குடுத்தேன். வெடிக்கு அடைக்கிற பழக்கத்துல ஒரு பக்கம் மண்ண வச்சு அடைச்சுட்டேன். காத்து போகல, திருப்பிட்டாக. நாளைக்குள்ள சரி பண்ணலைன்னா ஆர்டர் போயிரும். வெடிமருந்து தொடாத வேலை எனக்கு இது ஒண்ணுதாங்க்கா.”

மூத்தவள் கொண்டை ஊசியை உருவி, ஒரு குழாயின் மண்ணைக் குத்தி எடுத்தாள். அதை இளையவளின் கன்னத்தருகே பிடித்து ஊதினாள்.

“காத்து வருதா?”

“வருதுக்கா.”

“மூட்டைய இங்கன தள்ளு.”