பேச்சுவார்த்தைக்குப் போன தலைவர்

நல்லமுத்து: மெதுவா... மெதுவாத் தடவு லெட்சுமி. தோலு கழண்டு கையோட வந்துரும் போலருக்கு.

லெட்சுமி: கத்தாழைதாங்க, ஆசிட் இல்ல. அசையாமக் குந்துங்க. கொழும்புல பேச்சுவார்த்தைன்னுதானே போனீங்க?

நல்லமுத்து: ஆமா. கம்பெனி ஆபீசுல. ஒரே இழுபறி. காலையில உக்காந்தா பொழுது சாயுற வரைக்கும்.

லெட்சுமி: மேசைக்கு முன்னுக்கு உக்காந்து பேசுனவருக்கு முதுகு எப்பிடி வெந்துச்சு?

நல்லமுத்து: அது... கொழும்பு வெயிலு. நம்ம வட்டகொடைத் தேயிலை மலை மாதிரி மூடமா, குளிரா? எறங்குனதுமே அடுப்புக்குள்ள தலைய விட்ட மாதிரி.

லெட்சுமி: வெயிலு சட்டையக் கழட்டிட்டா அடிச்சுச்சு?

நல்லமுத்து: ஃபேன் வேலை செய்யல...

லெட்சுமி: நெத்தி கருத்துருக்கு, கன்னம் கருத்துருக்கு. கண்ணச் சுத்தி மட்டும் வெளுப்பா வட்டம். லயத்து வீட்டு வாசல்ல ஒரு புள்ள ஒங்களப் பாத்துட்டு ஆந்தை வருதுன்னு சிரிக்குது.

நல்லமுத்து: தோட்டத்துச் சங்கத் தலைவரப் பாத்து ஆந்தையா? யாரு வீட்டுப் புள்ள அது?

லெட்சுமி: நம்ம வீட்டுப் புள்ளதான். நிலக்ஷி. ஒங்க பையப் பிரிச்சேன். உள்ள ஒரு களிசான். மஞ்ச நெறம், முழுக்கத் தென்னமரம். அதப் போட்டுக்கிட்டா கம்பெனிக்காரங்களோட வாதாடுனீங்க?

நல்லமுத்து: அது ஞாபகார்த்தமாக் குடுத்தது.

லெட்சுமி: ஈரமாவா குடுத்தாங்க?

நல்லமுத்து: நீ போலீசுல சேந்துருக்கணும்.

லெட்சுமி: கையத் தூக்குங்க, விலாவும் வெந்துருக்கு. இப்பச் சொல்லுங்க.

நல்லமுத்து: சொல்லுறேன். லயத்துல மூச்சு விட்டுறாத. கொழும்புக்குத்தான் போனோம், அது பொய்யில்ல. அங்க கம்பெனிப் பெரியவரு ஒருத்தரு வந்து, நாலு செவுத்துக்குள்ள பேசுனா கோவந்தான் வரும், மனசு விட்டுப் பேசுற எடமாப் போவோம்னாரு. நான், பக்கத்துத் தோட்டத்துத் தலைவருமாரு, எல்லாரையும் வேன்ல ஏத்துனாங்க. எறக்குனது கடற்கரையில. அங்கருந்து படகு. ஒரு குட்டித் தீவு. ரிசோர்ட்.

லெட்சுமி: பொண்டாட்டிமாருக்கு அழைப்பு இல்லையா?

நல்லமுத்து: தலைவருமாருக்கு மட்டுந்தான்.

லெட்சுமி: அப்புறம்?

நல்லமுத்து: அப்புறம்... ஸ்நோர்க்லிங்.

லெட்சுமி: அது சைவமா?

நல்லமுத்து: சாப்பாடு இல்லடி. கண்ணுக்கும் மூக்குக்கும் ஒரு கண்ணாடிய மாட்டி, வாயில ஒரு கொழாயக் கவ்விக்கிட்டு, கடலு மேல குப்புற மெதக்கணும். மூச்சு கொழாய் வழியா வந்து போகும்.

லெட்சுமி: நீங்களா? ஆத்துல முழங்கால் தண்ணிக்கே மரத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிற ஆளு.

நல்லமுத்து: முங்காம இருக்க இடுப்புல ஒரு மெதவையக் கட்டிவிட்டாங்க. மொதல்ல நடுக்கந்தான். அட்டை கடிக்கும்னு காலு ரெண்டுலயும் சவுக்காரம் பூசிக்கிட்டுப் போனேன். படகுக்காரரு பாத்துட்டு, ஐயா இது உப்புத்தண்ணி, அட்டைக்கு இங்க என்ன வேலைன்னு சிங்களத்துல கேட்டாரு. படகே சிரிச்சுச்சு.

லெட்சுமி: ம்.

நல்லமுத்து: ஆனா தலைய உள்ள விட்டேன் பாரு... சத்தமே இல்ல, லெட்சுமி. கீழ ஒரு ஊரே இருக்கு. மஞ்ச மீனு, நீலக்கோடு போட்ட மீனு. நீங்க எல்லாம் கொழுந்து நிறுக்க வரிசையில வருவீங்களே, அப்பிடி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. ஒரு மீனு கண்ணாடிக்குக் கிட்ட வந்து நின்னு என்னையவே பாத்துச்சு. ஒன்னையக் கூட்டிட்டு வரலையேன்னு அப்ப நெனச்சேன்.

லெட்சுமி: நெனச்சீங்களா...

நல்லமுத்து: சத்தியமா.

லெட்சுமி: நான் கடலக் கண்ணாலயும் பாத்ததில்ல.

நல்லமுத்து: தெரியும். அதான் நெனச்சேன்.

லெட்சுமி: அந்தக் கொழாய் வாயில இருந்தாப் பேச முடியுமா?

நல்லமுத்து: எப்பிடிப் பேசுறது? பல்லால கடிச்சுக்கிட்டுல்ல இருக்கணும்.

லெட்சுமி: அதான் குடுத்துருக்காங்க. கொளவியப் பத்தி எப்பப் பேசுனீங்க? ஏழாம் நம்பர் மலையில, சவுக்கு மரத்துல, பானை மாதிரி தொங்குற கூடு. ராசம்மா அக்காவ அது கொட்டித்தானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க? கூட்ட எடுக்காம அந்த மலையில கால் வைக்க மாட்டோம்னு நாங்க வேலைய நிப்பாட்டுனோம். அதப் பேசத்தான் ஒங்கள அனுப்புனோம்.

நல்லமுத்து: மறப்பனா? மொத நாளே கேட்டேன். பெரியவரும் தண்ணியிலதான் மெதந்துக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல போயி, கொழாயக் கழட்டிட்டு, ஐயா கொளவின்னேன். உப்புத்தண்ணி தொண்டைக்குள்ள போயிருச்சு. அவரு என் முதுகத் தட்டிவிட்டு, இப்ப அனுபவிங்க தலைவர், பொறகு பேசுவோம்னாரு.

லெட்சுமி: பொறகு?

நல்லமுத்து: பொறகு நண்டு. அதக் கடிச்சு ஒடைக்கவே வாய் பத்தல, பேச்சு எங்க...

லெட்சுமி: அதுக்கும் பொறகு?

நல்லமுத்து: கடைசி நாளு... இரு, யோசிச்சுச் சொல்லுறேன்.

லெட்சுமி: யோசிங்க. அதுவரைக்கும் நிலக்ஷிக்குச் சொன்ன கதைய ஒங்களுக்கும் சொல்லுறேன். ஒரு காட்டுல மரை மான் கூட்டம் இருந்துச்சாம். தண்ணி குடிக்கிற எடத்துல ஒரு சிறுத்தை வந்து படுத்துருச்சு. பேசிட்டு வாங்கன்னு, இருக்கிறதுலயே பெரிய கொம்பு வச்ச மரைய அனுப்புனாங்க. சிறுத்தை அதுக்கு எளம்புல்லாப் போட்டு, கொம்புக்கு நடுவுல சொறிஞ்சு விட்டுச்சாம். திரும்பி வந்த கொம்பன், சிறுத்தை ரொம்ப நல்ல மனுசன், நாளையிலருந்து தைரியமாத் தண்ணிக்குப் போங்கன்னு கூட்டத்துக்கிட்ட சொல்லுச்சாம்.

நல்லமுத்து: ...மத்த மரையெல்லாம் என்ன செஞ்சுச்சாம்?

லெட்சுமி: அவளும் அதத்தான் கேட்டா. அப்பா வந்து சொல்லுவாங்கன்னு தூங்க வச்சேன். கடைசி நாளு என்ன சொன்னீங்க?

நல்லமுத்து: திங்கக்கெழமை பொம்பளைங்கள ஏழாம் நம்பருக்கு அனுப்பிருறேன்னு...

லெட்சுமி: கூடு?

நல்லமுத்து: மழை விட்டதும் ஆளனுப்பி எடுப்பாங்க. பெரியவரு கைகுடுத்துச் சொன்னாரு.

லெட்சுமி: நம்ம மலையில மழை எப்ப விடும்?

நல்லமுத்து: அது... என்னைய அப்பிடிப் பாக்காத.

லெட்சுமி: நான் ஒங்க முதுகத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

நல்லமுத்து: தப்புதான், லெட்சுமி. ஆனா வாக்குக் குடுத்துட்டேன். இப்ப நீதான் கைகுடுக்கணும். பொம்பளைங்க நீ சொன்னாக் கேப்பாங்க. தலைவரு தொண்டை கட்டுற வரைக்கும் வாதாடுனாரு, அதுக்கு மேல முடியலன்னு சொல்லிரு. காலையில வேலைக்குப் பேரு குடுக்க எல்லாரும் பெரட்டுல வந்து நிப்பாங்கல்ல, அங்க மிச்சத்த நான் பேசிக்கிறேன். வேன்ல வரும்போதே பேச்சத் தயார் பண்ணிட்டேன். அன்பான தோட்டத்துச் சகோதரிகளேன்னு தொடங்கி...

லெட்சுமி: வேணாங்க.

நல்லமுத்து: சகோதரிகள் வேணாமா? தாய்மார்களேன்னு போடுறேன்.

லெட்சுமி: பேச்சே வேணாம். முந்தாநாளு நாங்க எல்லாரும் தோட்டத்த நடத்துற தொர பங்களா வாசல்ல போயி உக்காந்துட்டோம்.

நல்லமுத்து: யாரு சொல்லி?

லெட்சுமி: யாரும் சொல்லல. ராசம்மா அக்காவ ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆட்டோவ விட்டு எறங்கி, வீங்குன மொகத்தோட வீட்டுக்குப் போகாம நேரா பங்களாவுக்கு நடந்துச்சு. நாங்க பின்னாலயே போனோம்.

நல்லமுத்து: எனக்கு ஒரு போன் போடக்கூடாதா?

லெட்சுமி: போட்டோம். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

நல்லமுத்து: ...தண்ணிக்குள்ள இருந்துருப்பேன்.

லெட்சுமி: இருந்துருப்பீங்க. பொழுது எறங்குறதுக்கு முன்ன தொர ஆள வரவழைச்சு கூட்டக் கொளுத்திட்டாரு. இப்ப அந்த மரத்துல கரி மட்டுந்தான் இருக்கு.

நல்லமுத்து: கொளுத்திட்டாரா... அப்ப நான் குடுத்த வாக்கு? இரு இரு, தொர எப்பிடி எறங்கி வந்தாரு? தலைவர் இல்லாம ஒரு வார்த்தை பேச மாட்டேன்னுருப்பாரே?

லெட்சுமி: அப்பிடித்தான் சொன்னாரு. அந்த ஆளு இங்க இல்ல, அப்ப ஒங்களுக்கு யாருதான் தலைவருன்னு அதட்டுனாரு. நான் எந்திரிச்சு ஒங்க பேரத்தாங்க சொல்ல வாயெடுத்தேன்... அதுக்குள்ள பின்னால இருந்து எல்லாரும் என் பேரச் சொல்லிட்டாங்க.