ஜெய்ராம் போட்ட லினக்ஸ்

ஹால்ல தேடாதீங்கோ முத்துக்குமார், ரவுட்டர் அங்க இல்ல. அப்பா ரூம்ல, பீரோவுக்குப் பின்னாடி. ஆமா, இரும்பு பீரோதான். நீங்க சிரிக்கறேள், ஆனா அதை அங்க கொண்டு வெச்சது நான் இல்ல. பெங்களூர்லேர்ந்து வந்த இன்ஜினியர், என் கூடப்பொறந்த தம்பி ஜெய்ராம். அப்பா ரூம்ல இருக்கற கேமராவுக்கு சிக்னல் குறையக் கூடாதாம். என் ரூம்ல ஒரு புள்ளிகூட வராது. அது யாருக்கு வேணும்?

இல்ல, கம்பெனிக்காரா ரெண்டு தடவை வந்து பார்த்துட்டா. லைன் நன்னா இருக்கு தீதி, லைன் நன்னா இருக்கு தீதின்னு பெங்காலில அக்கா போட்டுப் பாடிட்டுப் போயிட்டா. ஜெய்ராமைக் கேட்டா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, பாஸ்வேர்டை மறுபடி அடி, உனக்குத்தான் எதுவும் தெரியாதேம்பான். ஆன்லைன்ல பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தரேன் நான். பாதிக் கணக்குல மூஞ்சி அப்படியே நின்னு போயிடும். மிஸ், மிஸ்னு அதுகள் கத்திண்டு இருக்கும். வெக்கமா இருக்கும்.

லாப்டாப்பா? இதோ. அப்பாவோடதுதான், நான் கிளாசுக்கு எடுத்துக்கறேன். பாருங்கோ, போட்ட உடனே கறுப்பா வந்து லினக்ஸ், விண்டோஸ்னு ரெண்டு பேர் காட்டறதா? சட்டுனு கீழே அம்புக்குறியைத் தட்டி விண்டோஸ்ல நிறுத்தணும். கொஞ்சம் அசந்தா அதுவா லினக்சுக்குள்ள போயிடும். அதுவும் அவன் பண்ணினதுதான். துர்கா பூஜைக்கு வந்தான், ரெண்டு நாள் இருந்தான். ஊரே பந்தல் பார்க்கப் போறது, இவன் உக்காந்து இதைப் போட்டான். கேமரால வர்றதெல்லாம் அந்த லினக்ஸ் பக்கம்தான் பதிவாகுமாம், அங்கேர்ந்துதான் அவன் போனுக்குப் போகுமாம். என் கிளாஸ் போர்டு அதுல வேலை செய்யல. நான் விண்டோசுக்கு மாத்தினா அவனுக்குப் படம் நின்னுடும். உடனே போன். யாரு ஆஃப் பண்ணினா, ஏன் ஆஃப் பண்ணினே?

கேமரா வேண்டாம்னு நான் எப்போ சொன்னேன்? அப்பாவுக்கு நடை தள்ளாடறது, ஒரு கண்ணுக்கு ரெண்டு கண்ணா இருக்கட்டும்னு நானும்தான் சரின்னேன். அதுக்கப்புறம் ஒரு நாள் சென்னைலேர்ந்து விஜயா அத்தை கூப்பிடறா. ஏண்டி காமு, அண்ணாவுக்குச் சாதத்தைப் போட்டுட்டு நீ பக்கத்துல உக்காந்து போன் பார்த்துண்டே இருந்தியாமேங்கறா. எனக்கு ஒண்ணும் புரியல. நம்ம ரூம்ல நடந்தது மாம்பலத்துக்கு எப்படித் தெரியும்? அப்பறம்தான் தெரிஞ்சுது, ஜெய்ராம் ஃபேமிலி குரூப்ல தினம் நேர்முக வர்ணனை பண்ணிண்டு இருந்திருக்கான், என்னைச் சேர்க்காத வேற ஒரு குரூப்ல. அப்பாவுக்கு உடம்பு துடைச்சு விடறச்சே நான் கேமராமேல துண்டைப் போடுவேன், மனுஷருக்கு மானம் உண்டோல்லியோ. அதுக்கும் ஒரு கதை. அக்கா எதையோ மறைக்கறா. சீ!

என்ன கேட்டேள்? ஆமா, லினக்ஸை முழுசா எடுத்துடுங்கோ. பேரை மட்டும் மறைச்சுட்டுப் போகாதீங்கோ, சுத்தமா எடுத்து அந்த இடத்தையும் விண்டோசுக்கே குடுத்துடுங்கோ. அப்படியா? அதை மட்டும் அழிச்சா லாப்டாப்பே கிளம்பாதா? முதல்ல கிளம்பற வழியைச் சரி பண்ணிட்டு அப்பறம் அழிக்கணுமா? சரி, உங்களுக்குத் தெரிஞ்சபடி பண்ணுங்கோ. நான் ரவுட்டர் ஒயரை ஹாலுக்கு இழுக்கறேன். அட, இப்பவே என் போன்ல நாலு கோடும் வந்துடுத்தே! இத்தனை மாசம் நான்தான் முட்டாள்னு இருந்தேன்.

இல்ல இல்ல, அப்பா உள்ள தூங்கல. ஆஸ்பத்திரியில இருக்கார். இடுப்பெலும்பு. ஆபரேஷன் நன்னா ஆச்சு, சாயங்காலம் கூட்டிண்டு வரேன். அதுக்குள்ள இதெல்லாம் போயிடணும்னுதான் உங்களை அவசரப்படுத்தினேன்.

நான் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன், அவருக்கு மருந்து வாங்க. கட்டில்லேர்ந்து எழுந்திருக்காதீங்கோன்னு சொல்லிட்டுத்தான் போனேன். திரும்பி வரச்சே ஆட்டோ ஜாம்ல நிக்கறது. போன் டிங்குங்கறது. ஃபேமிலி குரூப், இந்தத் தடவை நான் இருக்கற குரூப்லயே. திறந்தா அப்பா தரையில கிடக்கார். படம். கீழே ஜெய்ராம் எழுதியிருக்கான், எங்கம்மா இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாளா, எல்லாரும் பார்த்துக்கோங்கோ, அக்காவோட கவனிப்பு இதுதான்னு. விஜயா அத்தை அழற பொம்மை போட்டிருக்கா. அவா பையன் ராம்கி கை கூப்பிண்டு இருக்கான்.

அதேதான் நானும் கேட்டேன். எனக்கு ஏன் போன் பண்ணல? என்னை விடுங்கோ, கீழ்வீட்டு சந்தீப்கிட்ட எங்க சாவி இருக்கு, சந்தீப் நம்பர் இவன்கிட்ட இருக்கு. ஒரு போன். மாடிப்படி ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும்? படம் பிடிச்சு, வட்டம் போட்டு, கதை எழுதி அனுப்பத் தெரிஞ்சுது. நான் ஆட்டோலேர்ந்து போன்ல கத்தி, சந்தீப் ஓடி வந்து தூக்கினான். ஜெய்ராமைக் கேட்டேனே. எல்லாருக்கும் தெரியணும்னுதான் முதல்ல போட்டேங்கறான்.

என்னது, அந்தப் பக்கம் நிறைய வீடியோ இருக்கா? வேண்டாம், எதையும் எடுத்து வைக்க வேண்டாம். அந்தப் படம் என் போன்லயே இருக்கு, பாருங்கோ. இப்படித்தான் கிடந்தார். கை மட்டும் மேல தூக்கியிருக்கு, தெரியறதா? வலியில தூக்கினார்னுதான் நான் நினைச்சுண்டு இருந்தேன். நேத்து ஆஸ்பத்திரியில கஞ்சி குடுக்கறச்சே அவரா சொல்றார். விழுந்த உடனே கேமராவைப் பார்த்துக் கை காட்டினேன் காமு, ஜெய்ராம் பார்த்துட்டு யாரையாவது அனுப்புவான்னு. ரொம்ப நேரம் காட்டிண்டே இருந்தேன். பாவம், குழந்தைக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, பார்த்திருக்க மாட்டான்ங்கறார்.

ஆமாம்பா, பார்த்திருக்க மாட்டான்னேன்.