செவ்வாய்க்கிழமை இடது கை

தொகுஜி: ...சொல்லிடலாம்டி. இன்னிக்கே சொல்லிடலாம்.

கிகுயே: 'டி' போட்டுப் பேசாத. எனக்கு எழுபத்தெட்டு வயசாகுது.

தொகுஜி: ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து கூப்பிடறேன். இப்ப என்ன புதுசா?

கிகுயே: முதல்ல அந்த நாற்காலியை மடக்கு. ஷோஹெய் கப் கழுவிட்டு வந்துருவான்.

தொகுஜி: வரட்டும். மூஞ்சிக்கு நேரா சொல்றேன். தம்பி, நாலு மாசமா நீ எங்க எல்லாரையும் தப்புக் கையில ஆட வைக்கறேன்னு.

கிகுயே: சொல்லிட்டு?

தொகுஜி: சொல்லிட்டு... வீட்டுக்குப் போறேன்.

கிகுயே: அவனும் போவான். போய்க் கதவைச் சாத்திப்பான். பொண்டாட்டி சிஹாரு செத்தப்புறம் பனிக்காலம் முழுக்கச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தானே, அந்த மாதிரி. அவ நம்மளை நாற்காலியில உக்கார வெச்சு நடத்தின ஆட்ட வகுப்பை நீதான் நடத்தணும்னு நாம போய்க் கெஞ்சினோம். அந்த ஒரு செவ்வாய்க்கிழமைக்குத்தான் வெளிய வர்றான். அதையும் கெடுக்கப் போறியா?

தொகுஜி: நான் கெடுக்கலே. சனிக்கிழமை கெடுக்கும். போன் திருவிழா, செத்தவங்களுக்காக ஆடற நாள். ஊரே வட்டமா நின்னு வலது கையைத் தூக்கும். நம்ம கிழட்டுக் கூட்டம் மட்டும் இடது கையைத் தூக்கும். பக்கத்துல இருக்கறவன் மூக்கு உடையும்.

கிகுயே: உன் பக்கத்துல யார் நிப்பா? கணவாய் மீன் நாத்தம்.

தொகுஜி: கடலுக்குப் போறதை விட்டு எத்தனை வருஷம் ஆச்சு! சிரிக்காத, கேளு. நேத்துக் குளிக்கற தொட்டியில உக்காந்து வலை இழுக்கற பாட்டு பாடினேன். கை தானா ஆடுது. எது முன்னால போச்சு தெரியுமா? இடது! எங்கப்பன் காலத்துலேர்ந்து வலது கையில ஆடின பாட்டு!

கிகுயே: எனக்கும்தான்... நேத்து முள்ளங்கி நறுக்கறப்ப.

தொகுஜி: உனக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்குமே. காலமெல்லாம் சுற்றுலா பஸ்ல கைடு.

கிகுயே: தெரிஞ்சுது. ஆளுங்களைப் பாத்து நின்னுக்கிட்டு 'வலது பக்கம் பாருங்க, மலை தெரியுது'ன்னு சொல்லணும்னா, நாம தூக்க வேண்டியது இடது கை. கைடு வேலைக்குச் சேர்ந்தா முதல் பாடமே அதுதான். சிஹாரு அதைச் சுத்தமாப் பண்ணுவா. நம்மளைப் பாத்து இடது கையைத் தூக்குவா. கண்ணாடியில பாக்கற மாதிரி நமக்கு வலது வரும். இவன் வலதைத் தூக்கறான். நமக்கு இடது வருது.

தொகுஜி: புருஷன்காரன் அவளைப் பாத்துத்தானே கத்துக்கிட்டான்?

கிகுயே: அவ வீடியோவைப் பாத்து. நாம வீட்ல பழகறதுக்கு எடுத்துக் குடுத்தாளே, அது. டிவில அவ இடது கையைத் தூக்கினா, எதிர்ல நிக்கறவனுக்கு வலதுதானே வரும்? அதை அப்படியே கொண்டுவந்து நம்ம முன்னாடி பண்றான்.

தொகுஜி: அட. அப்போ சொன்னா ஒரு நிமிஷத்துல மாத்திப்பானே.

கிகுயே: முதல் நாள் வாசல் வரைக்கும் வந்துட்டு ரெண்டு தடவை திரும்பிப் போகப் பாத்தானே, உன் கண்ணுல படலையா? அதான் எல்லாருக்கும் கண்ணைக் காட்டினேன். அவன் எப்படிக் காட்டறானோ அப்படியே ஆடுங்கன்னு. ஒருத்தர் வாயைத் திறந்தாங்களா? உன்னைத் தவிர...

தொகுஜி: ஷ். வர்றான்.

ஷோஹெய்: கப் எல்லாம் கவுத்து வெச்சுட்டேன். இன்னும் கிளம்பலையா?

கிகுயே: இதோ. தம்பி, சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்துரு. அந்த நீலப் பருத்திக் கிமோனோவைப் போட்டுக்கோ.

ஷோஹெய்: சனிக்கிழமை நான் வரலை.

தொகுஜி: என்னது?

ஷோஹெய்: வேலை இருக்கு.

தொகுஜி: போன் திருவிழா அன்னிக்கு உங்க கம்பெனிக்கே பூட்டு.

ஷோஹெய்: மழை வரும்னாங்க.

கிகுயே: வராது.

ஷோஹெய்: முட்டி வலிக்குது.

தொகுஜி: எங்ககிட்டயே முட்டி வலின்னு சொல்றியா? என்ன தைரியம்!

கிகுயே: நீ சும்மா இரு. தம்பி, இது சிஹாரு போனப்புறம் வர்ற முதல் போன் திருவிழா. போனவங்க வீட்டுக்கு வர்ற நாள்ல அவ முதல் தடவையா வர்றா. அப்படி முதல் தடவை வர்றவங்க வீட்டுக்காரங்கதான் வட்டத்துல முதல் அடி எடுத்து வைக்கணும். நம்ம ஊர் வழக்கம். அவ வந்து பாக்கறப்போ நீ இல்லைன்னா?

ஷோஹெய்: அவ அண்ணன் ஆடட்டும்.

தொகுஜி: அவனா? மரக்கட்டை.

ஷோஹெய்: நான் மட்டும் என்ன.

தொகுஜி: நீ ஆடுவ. உனக்குக் கை மட்டும்தான்...

கிகுயே: தொகுஜி!

ஷோஹெய்: கை மட்டும்தான் என்ன?

கிகுயே: அவனுக்கு வெயில் ஒத்துக்கலை. உளர்றான்.

ஷோஹெய்: தப்புக் கை. தெரியும்.

தொகுஜி: தெரியுமா!

ஷோஹெய்: ரெண்டாவது வாரமே. பாட்டு ஆரம்பிச்சதும் நீங்க வலது கையைத் தூக்கினீங்க. கிகுயேம்மா இருமினாங்க. உடனே அந்தக் கையால முதுகு சொறிஞ்சீங்க.

தொகுஜி: அரிச்சுது.

ஷோஹெய்: எல்லாருக்கும் அரிச்சுது. அந்தக் கோடி வரைக்கும்.

கிகுயே: அடப்பாவி. உனக்குத் தெரியாதுன்னு நாங்க இத்தனை நாளா... சரி, தெரிஞ்சவன் மாத்தியிருக்கலாமே?

ஷோஹெய்: பழகிடுச்சு.

கிகுயே: யாருக்கு?

தொகுஜி: இப்ப என்ன, இவன் வட்டத்துல வலது கையில ஆடினா அதுதான் சரி. தப்பு நாமதான். நாலு நாள்ல எல்லாக் கிழத்தையும் எப்படித் திருப்பறது?

கிகுயே: எதுக்குத் திருப்பணும்? நாற்காலியைத் திருப்பு.

தொகுஜி: வெயில் உனக்கும் ஏறிடுச்சு.

கிகுயே: நடுவுல மேளம் அடிக்கற மேடை. அதைச் சுத்தி நம்ம நாற்காலி. அதுக்கு வெளியில ஊர் சுத்திச் சுத்தி ஆடும். எப்பவும் மேடையைப் பாத்து உக்காருவோம், இல்லையா? இந்த வருஷம் மேடைக்கு முதுகைக் காட்டுவோம். வெளியில ஊர் வலது கையைத் தூக்கும். அவங்களைப் பாத்து நமக்கு இடது. கண்ணாடி.

தொகுஜி: ...யார் மூக்கும் உடையாது.

கிகுயே: உடையாது.

தொகுஜி: திருவிழாக் கமிட்டி? மேடைக்கு முதுகு காட்டறதான்னு அந்தத் தலைவன் குதிப்பானே.

கிகுயே: பள்ளிக்கூடச் சுற்றுலாவுல என் பஸ்ல ரெண்டு தடவை வாந்தி எடுத்தவன் அவன். பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். என்கிட்டக் குதிக்க மாட்டான்.

ஷோஹெய்: கிகுயேம்மா.

கிகுயே: சொல்லு.

ஷோஹெய்: அப்போ நான் சுத்தி வந்தா... நீங்க என்னைப் பாத்து இருப்பீங்களா?

கிகுயே: பாத்துதான். வட்டம் முழுக்க. நீ எந்தப் பக்கம் போனாலும் எதிர்ல யாராவது இடது கையைத் தூக்கிட்டு உக்காந்திருப்போம்.

தொகுஜி: அதுல என் மூஞ்சியும் உண்டு. சகிச்சுக்கோ.

கிகுயே: என்ன தம்பி? நிஜமாவே வேலையா? எங்ககிட்டச் சொல்லக் கூடாதா?

ஷோஹெய்: வேலை இல்லை. முட்டியும் வலிக்கலை... வீட்ல டிவியைப் போட்டா அவ இடது கையைத் தூக்குவா, நான் வலது. எதிரெதிரே ஆடுவோம். இங்க இடதுக்கு மாத்தினா நான் அவ இடத்துல போய் நிக்கணும். அப்புறம் எதிர்ல யாரு? அதான் மாத்தலை. செவ்வாய்க்கிழமை நீங்க எல்லாரும் இடது கையைத் தூக்கறப்போ, அவ எதிர்ல நிக்கற மாதிரியே இருக்கும். சனிக்கிழமை வட்டத்துல முன்னாடி போறவன் முதுகைத்தான் பாக்கணும்னு வரலைன்னேன்... நாற்காலியை நீங்க தூக்காதீங்க. அஞ்சரைக்கே வந்து நானே திருப்பிப் போடறேன்.